நாற்பது அங்குல இடுப்பு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொள் என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். தெரிந்தேதான் கேட்கிறேன்.

குட்டிக்கு ஏழு வாரம் முடிந்துவிட்டது. தலை நிறைய முடி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "சலூன்காரர் பொண்ணுன்னா சும்மாவா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு தொல்லைதான். படுக்க வைத்தால் அழுகிறாள், தூக்கினால் நிறுத்துகிறாள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதானே. சத்தம் கேட்டதும் கத்தரியை வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறேன். நேற்று தபால்காரருக்கு மீசையில் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் போனவன் திரும்பி வர இருபது நிமிடம் ஆகிவிட்டது. பாவம், மனிதர் பாதி மீசையோடு உட்கார்ந்து பேப்பரில் வரன் விளம்பரம் வரைக்கும் படித்து முடித்திருந்தார்.

அதனால் குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற பை ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். எனக்குத்தான். இரண்டு கையும் சும்மா இருந்தால் வேலை ஓடும். கடையில் மூன்று தினுசு காட்டினார்கள். ஒன்று ஐந்து கஜம் நீளத்துக்கு வெறும் துணி, சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஒன்று தோளில் வளையம் வைத்தது. இன்னொன்று பட்டையும் பக்கிளும் வைத்த பை. நீ இருபத்திரண்டு வருடமாகப் பெல்ட் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். கம்பத்தில் ஏறுகிறவன், மாடிக்கு வெளியே தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறவன் எல்லாருக்கும் உயிர் உன் முத்திரையில்தான் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று எழுது.

குட்டியின் அம்மாவும் நலம். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. கம்பியைப் பிடிப்பதில்லை.

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். படித்துவிட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். முடி வெட்டுகிற இடத்தில் பச்சைக் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறாயா? ஊரார் தலைமுடியெல்லாம் அவள் மூக்கில் போகட்டும் என்றா? சவரக்கத்தி இந்தப் பக்கம், குழந்தை அந்தப் பக்கம், நடுவில் உன் தொப்பை. நல்ல லட்சணம். உன்னிடம் சவரம் செய்துகொள்கிறவன் என்ன பாவம் செய்தான்?

சரி, கேட்டதற்குப் பதில். அந்த ஐந்து கஜத் துணி வேண்டாம். துணியில் குற்றமில்லை, உன்னிடம்தான். சட்டைப் பித்தானையே ஒன்று மாற்றிப் போடுகிறவன் நீ. வளையம் வைத்ததில் பாரம் முழுக்க ஒரே தோளில் ஏறும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனுக்கு ஆகாது. மூன்றாவது, பக்கிள் வைத்தது. அதைப் போன மாதம் இங்கே ஒருத்தி கொண்டு வந்து காட்டினாள், பேத்திக்கு வாங்கினாளாம். பட்டை சேருகிற இடத்தில் பெட்டி போட்டு நடுவில் குறுக்கே இரண்டு கோடு தைத்திருக்க வேண்டும். அதில் ஒரே ஒரு நேர்த்தையல். நான் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அவள் அழுதாள். இப்போதே வந்தது நல்லது என்று சொன்னேன். அதற்கும் அழுதாள்.

இதெல்லாம் இருக்கட்டும். ஒரு கேள்வி கேட்கிறேன். அழுகிற குழந்தையை நீ ஓடி ஓடித் தூக்குகிறாய். பெற்றவள் எங்கே? வீட்டில்தானே இருக்கிறாள்? மூக்குக்கண்ணாடி பூட்டத் தெரிந்த அந்தக் கண்ணாடிக் கடைக்காரிக்கு அதற்குக்கூட வக்கில்லையா?

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாலு நாளாக ஓயாத மழை. கடைக்கு ஆள் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? குளிரில் கூடுதலாக வலிக்குமே.

நீ சொன்னது எல்லாம் சரி. அதனால் வேறு கடைக்குப் போனேன். அங்கே ஒரு பை இருக்கிறது. குழந்தை வெளிப்பக்கம் பார்த்தபடி உட்காரும், காலைத் தொங்கப் போட்டுக்கொள்ளும், வேடிக்கை பார்க்கும். போன் வைக்க ஒரு பாக்கெட், பால் புட்டி வைக்க ஒரு பாக்கெட். அட்டைப் படத்தில் ஒரு பெண் ஒரு கையில் காபிக் கோப்பையும் இன்னொரு கையில் குடையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கடைக்காரர் "இதுதான் சார் இப்ப எல்லாரும் வாங்குறாங்க" என்றார். படத்தை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன்.

குட்டி நாலு கிலோ எழுநூறு. என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். கன்னத்தில் குழி விழுகிறது, நம் அம்மாவுக்கு விழுந்த மாதிரி.

உன் தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

படம் வந்தது. தையல் ஹாலில் எல்லாருக்கும் காட்டினேன். ரொம்ப நாளாயிற்று இப்படிச் சிரித்து.

இரண்டரை மாதக் குழந்தைக்கு என்ன வேடிக்கை வேண்டிக்கிடக்கிறது? கழுத்தே நிற்காதவளை வெளிப்பக்கம் திருப்பிக் கட்டினால் தலை எங்கே சாயும்? அப்புறம் அந்தத் தொங்குகிற கால். பாரம் எல்லாம் தொடை இடுக்கில் ஒரு சாண் துணியில் நிற்கிறது. எங்கள் பெல்ட்டில் அப்படித் தொங்குகிறவனுக்குக் கால் மரத்துப்போகும் என்று நாங்கள் தொடைக்குத் தனிப் பட்டை வைக்கிறோம். அவன் எண்பது கிலோ தடியன். இவள் நாலே முக்கால் கிலோ. குழந்தை உன்னைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தவளை உட்காருவதுபோல முழங்கால் இரண்டும் பின்பக்கத்தைவிட மேலே நிற்க வேண்டும். தாடை நெஞ்சில் அமுங்கக் கூடாது, மூச்சு முட்டும். நீ குனிந்தால் உன் உதடு அவள் உச்சியைத் தொட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பால் புட்டிப் பாக்கெட் எதற்கு? காபி குடிக்கிறவளுக்கு என்ன, படம் எடுத்ததும் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பாள். உள்ளே பொம்மைதான் இருந்திருக்கும்.

ஒன்றும் வாங்காதே. நானே தைத்து அனுப்புகிறேன். உன் இடுப்பு, நெஞ்சு, தோளிலிருந்து இடுப்பு வரை, மூன்றையும் அங்குலத்தில் எழுது. டேப்பைத் தளர்த்திப் பிடிக்காதே, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டும் அளக்காதே. எனக்கு உன்னைத் தெரியும்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். மழையை நான் கேட்கவில்லை. பதில் வந்தால்தான் துணியில் கத்தரி வைப்பேன்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

அளவு: இடுப்பு நாற்பது. நெஞ்சு நாற்பத்திரண்டு. தோளிலிருந்து இடுப்பு வரை பத்தொன்பது. வயிற்றை இழுக்கவில்லை.

நீ விடமாட்டாய் என்பதால் சொல்கிறேன். பெரிதுபடுத்தாதே. குழந்தை பிறந்து இரண்டாவது வாரம் அவள் குளிப்பாட்டும்போது குட்டி கை நழுவித் தொட்டித் தண்ணீரில் விழுந்துவிட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், உடனே எடுத்துவிட்டேன். மூக்கில் கொஞ்சம் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குக் குழந்தையிடம் கையைக் கொண்டுபோனாலே நடுங்குகிறது. தூக்குவதில்லை. நான் பக்கத்தில் படுக்க வைத்தால் பால் கொடுக்கிறாள். கொடுத்து முடித்ததும் "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்கிறாள். மூக்குக் கண்ணாடியில் கடுகளவு திருகாணியைப் பூட்டுகிற கை அது. நடுங்கி நான் பார்த்ததே இல்லை. வந்து போகிற நர்ஸம்மா, பிள்ளை நெஞ்சோடு ஒட்டி இருந்தால் தாய்க்கும் சரியாகிவிடும் என்கிறார்.

நாளானால் சரியாகிவிடும். பை எனக்குத்தான். சீக்கிரம் அனுப்பு.

உன் தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

பை தனிப் பார்சலில் வருகிறது. பட்டை எங்கள் கம்பெனிப் பட்டை. ஒவ்வொரு மூட்டிலும் பெட்டித் தையல், அதன்மேல் குறுக்குத் தையல். நாற்பது கிலோ மணலைக் கட்டி ஒரு ஷிப்டு முழுக்கத் தொங்கவிட்டேன். ஒரு நூல் அசையவில்லை. முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கு, பிறகு குழந்தை, கடைசியில் தோள். குழந்தையை வைக்கும் முன் ஐந்து கிலோ சர்க்கரைப் பையை வைத்து வீட்டுக்குள் நடந்து பார். உன் இடுப்புக்குத் தைத்ததால் துணி கொஞ்சம் அதிகமாகப் பிடித்தது. தோட்டக்காரன் பார்த்துவிட்டு "கூடாரமாம்மா" என்று கேட்டான்.

இனி மற்றது. கை நடுங்குகிறதாம். எனக்குந்தான் காலையில் ஆறு மணிக்கு எழுந்திருக்க உடம்பெல்லாம் நடுங்குகிறது. யாரிடம் சொல்ல? ஊர் உலகத்தில் எந்தக் குழந்தை கை நழுவவில்லை? உடனே கட்டிலில் படுத்துக்கொண்டு "எடுத்துக்கங்க" என்றால் எடுத்துக்கொள்ள உன்னை மாதிரி ஒருவன் கிடைத்திருக்கிறான், கொடுத்து வைத்தவள். எட்டு வயதில் உன்னைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு எந்த நர்ஸம்மா வந்தாள்?

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. ஒரு தடவை ஆள் விழுந்து பாரம் தாங்கிய பெல்ட்டை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். இருந்தாலும் நான் குறுக்கே வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். உள்ளே நூல் விட்டிருக்கும், வெளியே தெரியாது. அவளும் அப்படித்தான். ஒரு தடவை நழுவவிட்ட கையை நம்பாதே. அவளிடம் குழந்தையைக் கொடுக்கவே கொடுக்காதே. நீயே கட்டிக்கொள், நீயே வளர்.

அவள் இதைப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

அக்கா


ஏப்ரல் 29

தம்பிக்கு,

பார்சல் வந்ததா இல்லையா? வந்தது என்று ஒரு வரி எழுத உனக்கு நேரம் இல்லை, தபால்காரர் உன் கடையில்தான் மீசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றரை வாரம் ஆகிறது. இடுப்புப் பட்டை சரியாக உட்கார்ந்ததா? குழந்தை எத்தனை கிலோ?

எனக்கு ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா


மே 16

தம்பிக்கு,

நான் எழுதியதில் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. பேசாமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டாய்?

குழந்தைக்கு ஒன்றுமில்லையே?

அக்கா


மே 20

அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை நலம். ஆறு கிலோ முந்நூறு. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். உங்கள் தம்பியும் நலம். என்னைப் பற்றி நீங்கள் இதுவரை விசாரித்ததில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் தம்பி உங்களுக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தார். மூன்று தடவையும் "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார். இனி அவரால் ஆகாது. நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். அவர் ஒளித்து வைக்கிற இடம் கடைக் கண்ணாடிக்குக் கீழே சீப்புகள் கிடக்கிற இழுப்பறை. பன்னிரண்டு வருடமாக அவர் எதை ஒளித்தாலும் அங்கேதான்.

அந்தப் பை அவருக்கு இல்லை. எனக்கு. ஆரம்பத்திலிருந்தே எனக்குத்தான். என் கையை நான் நம்பவில்லை. கை வேண்டாமல் குழந்தையை என் உடம்பில் வைத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டேன். அதற்காகத்தான் அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். எனக்கு என்று எழுதினால் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் தனக்கு என்று எழுதினார். அளவு கேட்டீர்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் அளவை எழுதி அனுப்பினார். பட்டை என்றால் இழுத்து இறுக்கிக்கொள்ளலாம்தானே என்று நினைத்தாராம். மீசையை ஒரு மயிரிழை பிசகாமல் ஒதுக்குகிற மனிதர்.

பார்சல் வந்த அன்று நான் கட்டிக்கொண்டேன். இடுப்புப் பட்டையைக் கடைசிக் கண் வரைக்கும் இழுத்தோம். அப்படியும் எனக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை போயிற்று. அவர் துணியை மடித்துச் செருகினார். சர்க்கரைப் பையை வைத்து நடந்தேன், நின்றது. சர்க்கரை கையைக் காலை உதைக்காது. குழந்தையை வைத்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் முகம் என் கழுத்தில் பட்டது. எத்தனை நிமிடம் என்று தெரியாது. அவள் ஒரு எம்பு எம்பினாள். மடித்து வைத்த துணி கழன்று, பட்டை திரும்பி, அவள் பக்கவாட்டில் சரிந்தாள். என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தது. நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை. அவர்தான் பிடித்தார்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவள் இருக்கிற அறைக்கே நான் போகவில்லை. பாலைப் பீய்ச்சிக் கொடுத்தேன். பிறகு டாக்டரிடம் போனோம். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, வாரம் ஒரு தடவை வந்து பேச வேண்டும் என்றார். போய்வருகிறேன். இப்போது ஒரே அறையில் இருக்கிறேன்.

நாற்பது கிலோ மணலைத் தொங்கவிட்டுப் பார்த்தீர்கள். ஒரு நூல் அசையவில்லை என்று பெருமையாக எழுதினீர்கள். யார் இடுப்பில் தொங்கவிட்டீர்கள்? பெற்றவள் எங்கே என்று கேட்டீர்களே, பெற்றவள் இடுப்பு எவ்வளவு என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் என்னை நீங்கள் கல்யாணத்தன்றே வெட்டித் தொட்டியில் போட்டுவிட்டீர்கள். இவர் உங்களிடம் பொய் சொன்னது தப்பு. நல்ல பிள்ளையை இப்படிப் பொய் சொல்ல வைத்தது உங்கள் வாய். நான் பெல்ட் இல்லை, அண்ணி. விழுந்ததற்காக என்னை வெட்ட உங்களிடம் கத்தரி கிடையாது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டாலும் இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை. ஆனால் அந்தத் தையலை நான் பார்த்தேன். நானும் நுணுக்க வேலை செய்கிறவள்தான். அப்படித் தைக்கிற ஆள் எனக்கு வேறு யாரையும் தெரியாது. என் பிள்ளையை நான் தூக்க வேண்டும். அதற்காக உங்களிடம்கூடக் கேட்பேன். இன்னொன்று தைத்து அனுப்புங்கள்.

இடுப்பு இருபத்தேழு. நெஞ்சு முப்பத்திரண்டு. தோளிலிருந்து இடுப்பு வரை பதினைந்து. நானே அளந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மே 24

தம்பிக்கு,

முட்டாள். உன்னைப் பத்து வருடம் தூக்கி வளர்த்ததற்கு நீ எனக்கு அனுப்பியது உன் தொப்பையின் அளவு.

உன் பெண்டாட்டிக்குத் தனியாக எழுதுகிறேன். இழுப்பறையில் வைக்காதே. அவள் கையில் கொடு.

அக்கா


ஜூன் 1

கண்ணாடிக் கடைக்காரிக்கு,

உன்னைக் கூப்பிட எனக்கு வேறு பெயர் பழகவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. என்னை மாதிரிப் பாதியில் நிறுத்தாதே.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு இப்படி யாரும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வேலையில் முதல் கேள்வியே யார் போடப் போகிறார்கள் என்பதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு நானே கத்திக் கத்திச் சொல்லிக் கொடுப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருத்தி தைத்திருந்தால் அவள் கண்ணெதிரேயே அதை வெட்டியிருப்பேன். அந்தப் பழைய பையை நீயே குறுக்கே வெட்டித் தூக்கிப் போடு. நல்ல பெரிய கத்தரியாக எடுத்துக்கொள்.

புதியது பார்சலில் வருகிறது. இந்தத் தடவை மணலைத் தொங்கவிடவில்லை. எங்கள் ஹாலில் இருபத்தேழு இடுப்புள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள், தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். அவளிடம் போய்க் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "என்னையா மேடம் கேக்குறீங்க?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஆறரை கிலோ மணலை வைத்து, ஷிப்டு முழுக்க நடந்தாள், குனிந்தாள், மூன்று மாடி ஏறி இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். முழங்கால் போயிற்று, அது கிடக்கட்டும். சர்க்கரை உதைக்காது என்று நீ எழுதியதால் நான் மணல் மூட்டையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறினேன். அவளே விழப் பார்த்தாள். பட்டை நகரவில்லை.

இனி ஒரு விஷயம். இதை உன் புருஷனிடம் நான் சொன்னதில்லை. நீ வேண்டுமானால் சொல். அவன் தலையில் இடது காதுக்கு மேலே ஒரு தழும்பு இருக்கும். முடியைச் சீவி மறைத்துக்கொள்வான். வாசற்படியில் தானாக விழுந்தான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது நான்தான். அவன் தானாக விழவில்லை. என் இடுப்பிலிருந்து விழுந்தான். எனக்கு எட்டு வயது. கையில் பந்து இருந்தது, அதைக் கீழே போட மனமில்லை. மறுநாளும் நான்தான் தூக்கினேன். தைரியத்தால் இல்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் வேறு ஆள் கிடையாது. பயந்து உட்கார எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்துவிட்டது. அது உன் போறாத காலம், உன் குற்றமில்லை. பெல்ட் கதையெல்லாம் எழுதிய என் வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

கட்டிலுக்கு நடுவில் உட்கார்ந்து கட்டிக்கொள். நடுங்கினால் நடுங்கட்டும். இந்தப் பைக்கு உன் கை தேவையில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் கிடைக்கும். நீ வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன்.

அக்கா


ஜூன் 29

அண்ணி அவர்களுக்கு,

நலம். மூன்று மாடி ஏறியதற்குப் பிறகு முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் தம்பி கேட்கிறார். நானும் கேட்கிறேன். கம்பியைப் பிடியுங்கள்.

பழைய பையை வெட்டினேன். நாலு தடவை வெட்ட வேண்டியிருந்தது, அப்படித் தைத்து வைத்திருக்கிறீர்கள். தழும்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். கண்ணாடியில் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப பந்து என்னாச்சாம்?" என்று கேட்டார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

புதியது எனக்காகவே வார்த்த மாதிரி உட்கார்ந்தது. முதல் நாள் கட்டில் நடுவில் ஐந்து நிமிடம். அவர் எதிரே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், பந்து பிடிக்க நிற்கிறவர் மாதிரி. மூன்றாம் நாள் அவரைக் கடைக்குப் போகச் சொன்னேன். இரண்டாவது வாரம் எழுந்து நின்றேன். அப்புறம் சமையலறை, வாசல், தெரு முனை. எல்லாமே பையில்தான். அவளைப் பையில் வைப்பதும் எடுப்பதும் அவர்தான். காலையில் வைத்துவிட்டுக் கடை திறப்பார், நான் கதவைத் தட்டினால் வந்து எடுப்பார். ஈரக்கையோடு என்னைத் தொடாதீர்கள் என்று தினமும் ஒரு சண்டை. கையால் தூக்கு என்று நீங்கள் எழுதவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. அதற்காக இரண்டு பேருக்கும் நன்றி. உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை.

வாருங்கள். ஆனால் ஒன்று. என் சமையலையோ, நான் குழந்தையைக் கட்டுகிற விதத்தையோ, அவர் தொப்பையையோ பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. சரி, அவர் தொப்பையைப் பற்றி மட்டும் பேசலாம்.

நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். முந்தின நாள் முழுக்க அவள் பையிலேயே கக்கி வைத்திருந்தாள். காலையில் துவைத்துக் கொடியில் போட்டேன். அவர் கடையில் இருந்தார். பதினொரு மணிக்கு அவள் எழுந்து அழ ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சொட்டச் சொட்ட ஈரம். பிழிந்தேன். உதறினேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். உள்ளே அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கடைக் கதவு பக்கத்தில்தான் இருந்தது. தட்டியிருக்கலாம்.

தட்டவில்லை, அண்ணி. பை காய்கிற வரைக்கும் அவளால் பொறுக்க முடியாது என்று தோன்றியது. உள்ளே போனேன், தூக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி